காமன் பொட்டலில் கற்ற இலக்கணம்

மாசித் திங்களில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் அந்திப்பொழுதில், மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் தப்பொலி எழும். அட்டன், தலவாக்கலை, நுவரெலியா என எப்பக்கம் நோக்கினும் மூடுபனி சரிவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண்டிர் கைகால் கழுவிப் பொட்டலை நோக்கி வருவர். சிறுவர் கூட்டம் அவர்களுக்கு முன்னமே அங்கு நிறைந்திருக்கும். காமன் ஊன்றும் நாள் அது. அன்று ஊன்றப்பெறும் காமன் வளர்பிறையோடு வளர்ந்து, பௌர்ணமி இரவிலே சிவனின் நெற்றிக்கண் நெருப்பில் எரிந்துபோவான்.

சென்ற மாசியில் அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் காமன் பொட்டலில் ஓரிரவு முழுதும் விழித்திருந்தேன். அதற்கு முந்திய திங்களில் என் மாணாக்கரை அழைத்துக்கொண்டு இரண்டு நூதனசாலைகளைக் கண்டு வந்தேன். பழைய பொருள்களைக் காத்து வைக்கும் சாலைக்கு நம்மவர் ‘நூதன’சாலை என்று பெயரிட்டிருப்பது ஒரு வேடிக்கை. ஆயினும் இம்முறை அங்கே கண்டவை எனக்கு உண்மையிலேயே நூதனமாயிருந்தன. இவ்விரு சாலைகளையும் அப்பொட்டலையும் ஒருங்கே வைத்து எண்ணியபோது எழுந்த சில சிந்தனைகளையும், முப்பது ஆண்டுகளாக என் மனத்தை உறுத்திவரும் ஒரு பிழையையும் ஆசிரிய நண்பர்கள் முன்பும் மாணாக்கர் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

யந்திரங்களின் சாலை

கண்டி நகரை அடுத்த ஹந்தானையில், 1925ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உண்டு. நம் மக்கள் வழக்கிற் சொன்னால், ‘ஸ்டோரு’. பல்லாண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்த அக்கட்டடத்தைப் புதுக்கி, 2001ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலை நூதனசாலையாகத் திறந்தனர். நான்கு மாடிகள். கொழுந்தை வாட்டவும், உருட்டவும், உலர்த்தவும், சலிக்கவும் வெள்ளையர் காலத்தில் வந்திறங்கிய யந்திரங்கள் அங்கே வரிசை வரிசையாய் நிற்கின்றன. லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் உள்ளன. அவர் நட்ட இரண்டாம் ஆண்டிலே, அதாவது 1869இலே, கோப்பிச் செடியின் இலையில் செந்நிற நோய் காணத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மறைந்து தேயிலை மலையை மூடிற்று. நாம் இன்று காணும் பசுமையெல்லாம் ஓர் இலைநோயின் விளைவு என்று யான் கூறியபோது மாணாக்கர் வியந்தனர்.

அச்சாலையைக் குறைகூற யான் முற்படவில்லை. ஒரு கைத்தொழிலின் வரலாற்றைச் சொல்ல எழுந்தது அது. அதனைச் செவ்வனே சொல்கிறது. துடைத்து எண்ணெயிட்ட யந்திரங்கள் காண்பதற்கு அழகாகவும் இருக்கின்றன. எனினும் அவற்றினிடையே நடந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, “இது ஓடுறப்ப எப்படிச் சத்தம் கேக்கும், சேர்?” என்று வினவினாள். பெரும் இரைச்சலாக இருக்கும் என்றேன். “எங்க தாத்தா ஸ்டோருல வேலை செஞ்சவரு. அதனாலதான் அவருக்குக் காது கேக்காம போச்சுன்னு ஆச்சி சொல்லும்” என்றாள். ஓசையற்று நிற்கும் அந்த யந்திரத்தை யான் மீண்டும் ஒருமுறை பார்த்தேன்.

லயத்தின் சாலை

அடுத்த கிழமை கம்பளைக்கு அப்பாலுள்ள பாரதெக்கவுக்குச் சென்றோம். அங்கே நியூ பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாகவும் ஆவணக் காப்பகமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி அது. ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் நம் மக்கள் வாயில் ‘லயம்’ ஆயிற்று. தாள ஒழுங்கைக் குறிக்கும் இசைச்சொல்லே பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் தொடர்ந்து நிற்கும் ஒரு கொட்டகைக்கும் பெயராய் அமைந்தது, மலைநாட்டு வாழ்வின் முழுத் துயரையும் ஒரு சொல்லில் அடக்கியதுபோற் படுகிறது.

அங்கே யந்திரங்கள் இல்லை. கவ்வாத்துக் கத்தியும், முள்ளும், மட்டக்கம்பும், கொழுந்துக் கூடையும், அம்மியும் உரலும், பெண்டிர் அணிந்த நகைகளும், பழைய தாள்களும், தோல்வாத்தியங்களும் உள்ளன. கங்காணி முறையைப் பற்றியும், கடனைக் குறித்துக் கொடுத்து ஒரு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய ‘துண்டு’ முறையைப் பற்றியும், மண்டபம் முகாமிலிருந்து வருவோர் கழுத்திற் கட்டிய தகர வில்லையைப் பற்றியும் வகுப்பறையில் எத்தனையோ முறை கூறியிருக்கிறேன். அவற்றையெல்லாம் ஒரு லயத்து வாசற்படியில் நின்று கூறும்போது சொல்லுக்கு வேறு கனம் உண்டாகிறது.

ஆனால் அங்கு நிகழ்ந்த ஓர் உரையாடலே என்னை வாயடைக்கச் செய்தது. காம்பராவின் உட்புறத்தை நெடுநேரம் நோக்கிய மாணவன் ஒருவன், “சேர், இதுல ஒரு குடும்பமா இருந்திச்சு?” என்று கேட்டான். ஆமென்றேன். “எங்க காம்பராவுல இப்பவும் ரெண்டு குடும்பம், சேர்” என்றான். அவன் அதை முறையீடாகச் சொல்லவில்லை. ஒரு செய்தியாகவே சொன்னான். மட்டக்கம்பைக் கண்ட மாணவியர் இருவர், தம் தாய்மார் அன்று காலை அதைத்தான் எடுத்துக்கொண்டு மலைக்குச் சென்றதாகக் கூறித் தமக்குள் சிரித்துக்கொண்டனர். பிறர்க்குப் பழம்பொருள் ஆகிவிட்டது, நமக்கு இன்னும் புழங்குபொருளாய் இருக்கிறது. நூதனசாலைக்கும் வீட்டுக்கும் இடையே சுவரில்லாத ஊர் நம்முடையது.

திரும்பும் வழியில், சுவரில் மாட்டியிருந்த தப்பின் நினைவே என்னுடன் வந்தது. தப்பு என்பது தீயிற் காய்ச்சப்பட வேண்டிய வாத்தியம். மலைநாட்டுக் குளிரில் தோல் தளர்ந்துவிடும். சருகையும் விறகையும் மூட்டி வாட்டினாலன்றி அது வாய் திறவாது. பெட்டியில் வைத்த கத்தி கத்தியாகவே இருக்கிறது. சுவரில் மாட்டிய தப்போ பாதித் தப்பு. மறுபாதி பொட்டலில்தான் இருக்கிறது.

காவியத்துக் காமனும் தோட்டத்துக் காமனும்

காமவேள் விழா தமிழர்க்குப் புதியதன்று. இளவேனிற் காலத்துக் காமன் விழாவைக் கலித்தொகையின் பாலைக்கலி குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரத்தில், காமவேள் கோட்டத்தைத் தொழுதால் பிரிந்த கணவனை அடையலாம் எனத் தேவந்தி கூற, கண்ணகி அது தனக்குப் பெருமையன்று என மறுக்கும் இடம் நம் மாணாக்கர் அறிந்ததே. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்துக் காமதகனப் படலத்தில் இக்கதையைப் பெருங்காவியமாகப் பாடினார். தஞ்சைப் பகுதியிலோ ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ என இரு திறத்தார் நின்று, காமன் எரிந்தானா இல்லையா என்று லாவணியில் வாதிடுவர்.

மலைநாட்டுத் தோட்டத்தில் இக்கதை கூத்தாக நின்று நிலைத்தது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துக்களும் இங்குண்டு. முன்னதில் அண்ணன்மார் படுகளத்தில் வீழ்வர். பின்னதில் அருச்சுனன் வேடம் பூண்டவர் உயர்ந்த தபசு மரத்தின்மேல் ஏறி நின்று பாடுவார். ஆயினும் தோட்டம் முழுவதையும் பல நாள் ஒரே வீடாக்குவது காமன் கூத்தே. ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் பூணுவோர் காப்புக் கட்டி விரதம் காப்பர். இருவரும் ஆடவரே. லயத்துக்கு லயம் அவர்கள் ஆடிச் செல்லும்போது, நேற்றுவரை ‘டேய்’ என்று அழைத்த சிறுவனைப் பெரியோரும் ரதியெனக் கருதிக் கும்பிடுவர். சிவனும் தட்சனும் நந்தியும் வீரபத்திரனும் எமனும் தூதனும் குறவனும் குறத்தியும் முறை முறையே பொட்டலுக்கு வருவர். மேடையில்லை, திரையில்லை. ஆடுவோனுக்கும் காண்போனுக்கும் இடையே இருப்பது ஒரு தீப்பந்தத்தின் வெளிச்சமே. இந்நாளில் ஒரு மின்விளக்கு.

பௌர்ணமி இரவின் உயிர்நிலை ரதியின் புலம்பல். கணவன் சாம்பலானான், ரதி சிவனை இரந்து நிற்கிறாள், முடிவில் மன்மதன் அவள் கண்ணுக்கு மட்டும் தோன்ற வரம் பெறுகிறான். அப்புலம்பலின்போது பொட்டலில் அமர்ந்திருக்கும் தாய்மார் விம்முவதை யான் சிறுவனாக இருந்த காலந்தொட்டுக் கண்டிருக்கிறேன். புராணக் கதைக்காக இவ்வளவு கண்ணீரா என்று அந்நாளில் வியந்ததும் உண்டு. அவர்கள் புராணத்துக்காக மட்டும் அழவில்லை என்பதை அறிய எனக்கு நெடுங்காலம் சென்றது.

தப்பும் தாழ்வும்

யானும் லயத்திற் பிறந்தவனே. விடியற்காலை தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த பிரட்டுத் தப்பைப் பற்றி என் பாட்டி கூறக் கேட்டு வளர்ந்தேன். மகிழ்ச்சிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி எனத் தப்பின் மொழி தோட்டத்தார் அனைவருக்கும் விளங்கும். தொலைவில் ஒலி கேட்டதும் இன்ன லயத்தில் இன்னது நிகழ்ந்தது என்று கூறிவிடுவர். இத்துணைப் பொருள் நிறைந்த வாத்தியத்தை அடிப்பது ஒரு சாதியார்க்கே உரிய கடமையெனச் சுமத்தி, சுமத்தியவரே அதனை இழிதொழில் என்றும் கூறினர். கடல் கடந்து வந்தபோது எத்தனையோ பொருள்களைக் கரையிலே விட்டு வந்த நம் முன்னோர், இந்தத் தாழ்வை மட்டும் தவறாது மூட்டை கட்டிக் கொணர்ந்தனர்.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. பாடசாலை விழாக்களில் மாணவரும் மாணவியரும் தப்படித்து ஆடுகின்றனர். 2023ஆம் ஆண்டு, நம் மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நடைப்பயணத்தையும் அதனையொட்டிய விழாக்களையும் கண்டோர், இளைஞர் தம் கலைகளை நாணமின்றி ஏந்தி நின்றதைக் கண்டிருப்பர். யான் ஆசிரியப் பணியில் அமர்ந்த 1990களின் முற்பகுதியில் அந்நிலை இல்லை. மேடையிற் பரதமும் வில்லுப்பாட்டும் இருக்கும். தப்பு வெளிவாயிலிலே நின்றுவிடும். அதை அங்கே நிறுத்தியவர்களில் யானும் ஒருவன்.

சிவப்பு மை

இனி என் பிழையைக் கூறுவேன்.

பண்டிதத் தேர்விலே தேறி, தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க வந்த புதிது. ‘தோட்டக்காட்டான்’ என்னும் இழிசொல்லையும், நம் பேச்சைக் ‘கொச்சைத் தமிழ்’ என்று பிறர் நகைப்பதையும் மாணவனாக இருந்தபோது நிரம்பக் கேட்டவன் யான். என் மாணாக்கர் வாயில் ஒரு சொல்லும் வழுவுதலாகாது என்று உறுதி பூண்டிருந்தேன். அவ்வுறுதி நல்ல நோக்கத்திற் பிறந்ததே. ஆனால் நல்ல நோக்கம் கையிலிருக்கும்போதுதான் மனிதன் மிகுதியாகத் தவறு செய்கிறான்.

ஒருநாள் என் மாணவன் ஒருவன் துணியிற் சுற்றிய கொப்பி ஒன்றைக் கொணர்ந்தான். அவனுடைய பாட்டனார் அத்தோட்டத்தின் காமன் கூத்து மாஸ்டர். எழுத்தறிவு சிறிதே உடையவர். வாய்வழியாகத் தாம் கற்ற பாடல்களை முதுமைக் காலத்தில் கறுப்பு மையினால் ஓரளவு எழுதி வைத்திருந்தார். “தாத்தா கேட்டாரு சேர்... பிழையிருந்தாத் திருத்தித் தரச் சொன்னாரு” என்றான் அவன்.

யான் திருத்தினேன். மூன்று இரவுகள் அமர்ந்து, சிவப்பு மையினால், பரீட்சைத் தாளைத் திருத்துவதுபோலத் திருத்தினேன். ‘வெச்சு’ என்றிருந்ததை ‘வைத்து’ என்றும், ‘எரிஞ்சு’ என்றிருந்ததை ‘எரிந்து’ என்றும் மாற்றினேன். அவர் ‘ரெதி’ என்று எழுதியிருந்தார். ரகரம் மொழிக்கு முதலாகாது என்பது நன்னூல் கற்றார் யாவரும் அறிந்த விதி. ஆகவே பக்கந்தோறும் அச்சொல்லை ‘இரதி’ என்று ஆக்கினேன். குறவனும் குறத்தியும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் பகுதி அவையல் கிளவி நிறைந்ததெனத் தோன்றியது. அதனை முழுவதும் அடித்துவிட்டேன்.

இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை என்றே கொள்வோம். ரதி புலம்பலில் வேறொன்று இருந்தது. கணவனை இழந்த ரதி, கைலையை நோக்கிப் புலம்பிக்கொண்டிருந்தவள், திடீரெனக் கப்பலைப் பற்றியும் மண்டபத்தைப் பற்றியும் புகையிரதத்தைப் பற்றியும் தலைமன்னாரைப் பற்றியும் பாடத் தொடங்குகிறாள். தோட்டத்தின் பெயர் வருகிறது. ஒரு சகோதரன் அக்கரைக்குப் போனதும், ஒரு சகோதரி இக்கரையில் நின்றதும் வருகின்றன. யான் அவ்வடிகளின் மேல் கோடிழுத்து, ஓரத்தில் ‘புராணத்தில் இல்லை’ என்று எழுதினேன்.

எழுதிய கை இக்கை.

கொப்பியைப் பெற்ற பெரியவர் மறுநாளே வெற்றிலை பாக்குடன் பாடசாலைக்கு வந்து, இளைஞனாகிய என்னைக் கும்பிட்டு, “ஐயா கைபட்டது எங்க பாக்கியம்” என்று கூறிச் சென்றார். அடுத்த மாசி வருமுன் அவர் காலமானார்.

புராணத்தில் இல்லாதது

புராணத்தில் இல்லாத அவ்வடிகள் எதனைப் பாடின? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நம் மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோர் ஆயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் ஆயிற்று. அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு ஒரு கடவுச்சீட்டும் தம்பிக்கு வேறொரு கடவுச்சீட்டும் வந்தன. மலையிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு நம் மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரிட்டனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் சிதறினர். அவர்களுக்கு வேலையளிக்கத் தமிழக அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களையே அமைத்தது. மீண்டும் அதே கூடை, அதே குளிர்.

அவர்களுடன் கூத்துக்காரரும் போயினர். மன்மதன் போக ரதி நின்ற தோட்டங்களும், ரதி போக மன்மதன் நின்ற தோட்டங்களும் உண்டு என்று முதியோர் கூறுவர். அப்படியிருக்க, கணவனைப் பிரிந்த ரதியின் வாயில் தலைமன்னார் எவ்வாறு வாராதிருக்கும்? அந்தக் கூத்து மாஸ்டர் புராணத்தைப் பிழைபட உரைத்தவரல்லர். தம் மக்களின் வரலாற்றை எழுதி வைக்க வேறு ஏடு இல்லாமையால் ரதியின் வாயில் எழுதி வைத்தவர். யான் அடித்தது இலக்கணப் பிழையை அன்று, ஓர் ஆவணத்தை.

இதனை அறிந்தோர் எனக்கு முன்னும் இருந்தனர் என்பதே என் வெட்கத்தைப் பெருக்குகிறது. அட்டனை நிலையமாகக் கொண்டு தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் கூட்டங்களில் மக்கள் அறிந்த மெட்டிலே பாடி அவர்களைத் திரட்டினார். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்திலே 1914ஆம் ஆண்டு பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டந்தோட்டமாகத் திரிந்து கேட்டெழுதிய பாடல்களை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக 1983இல் வெளியிட்டார்; அடுத்த ஆண்டு மறைந்தார். ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ தந்த சாரல்நாடனும், மலையகத்தின் பாரம்பரியக் கலைகளை ஆராய்ந்து நூல் செய்த மாத்தளை வடிவேலனும் நம் நன்றிக்குரியோர். சி.வி.யின் நூல் என் அலமாரியில் இருந்த காலத்திலேதான் யான் அக்கொப்பியில் சிவப்பு மையை ஓட்டினேன். நூலில் அச்சாகி வந்தால் இலக்கியம், கொப்பியில் கையெழுத்தாக வந்தால் பிழை என்று எண்ணும் நோய் நம்போன்றோர்க்கு உண்டு.

கூடுதலாக விழுந்த ஓரடி

இனிச் சென்ற மாசிக்கு வருகிறேன். அன்று கொப்பி கொணர்ந்த மாணவன் இன்று நாற்பதைக் கடந்தவன்; அத்தோட்டத்தின் கூத்து மாஸ்டர். நூதனசாலைகளைக் கண்டு வந்தபின் மனம் ஓரிடத்தில் நில்லாமையால், அவனுக்குச் சொல்லியனுப்பிவிட்டுப் பௌர்ணமி இரவிலே பொட்டலுக்குச் சென்றேன். நாற்காலியொன்றைக் கொணர்ந்தனர். யான் சாக்கில் அமர்ந்தேன்.

கூத்து நடந்தது. மன்மதன் எரிந்தான். ரதி பாடத் தொடங்கினாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஓரிடத்தில் தாளம் சற்றே தடுக்குவதுபோல் தோன்றியது. மீண்டும் கவனித்தேன். ரதியின் பெயர் வருமிடமெல்லாம் தப்பில் ஓரடி கூடுதலாக விழுந்தது. செவியின் மயக்கமோ என்று விரலால் முழங்காலில் எண்ணிப் பார்த்தேன். மயக்கமன்று.

விடிந்தபின், தீயருகே தப்பை உறையிட்டுக்கொண்டிருந்த முதியவரிடம் அதுபற்றிக் கேட்டேன். அவர் பழைய மாஸ்டர் காலத்திலிருந்தே அடிப்பவர். “அதுங்களா ஐயா? பெரியவரு பாடுறப்ப அது கெடையாது. தம்பி பாட ஆரம்பிச்சதிலிருந்து அந்த எடத்துல சொல்லு கொஞ்சம் நீளுது. நாமதான் ஓரடி சேத்துப் புடிச்சுக்கிறோம்” என்றார்.

யாப்பருங்கலக்காரிகை கற்பிக்கும் எனக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ‘ரெதி’ ஓரசை, நிரை. ‘இரதி’ ஈரசை, நிரையும் நேரும். மொழிக்கு முதலாகாத எழுத்தை நீக்க யான் சேர்த்த இகரம், பாட்டில் ஓர் அசையை மிகுவித்து, தாளத்தில் ஓர் அடியை மிகுவித்து, முப்பது ஆண்டுகளாக மாசிதோறும் ஒலித்து வந்திருக்கிறது. இலக்கண நூல் அறியாத ஒருவர், பண்டிதன் செய்த வழுவைப் பண்டிதனுக்கும் தெரியாமல் தம் கோலினால் அமைதி செய்து வந்திருக்கிறார்.

என் மாணவனிடம் நடந்ததைக் கூறி, பழையபடியே பாடுமாறு வேண்டினேன். அவன் ஒப்பவில்லை. “சேர் திருத்துனதுதான் சேர் சரி. தாத்தாவே அதத்தான் படிச்சுக்கன்னு சொல்லிட்டுப் போனாரு” என்றான். பெட்டியைத் திறந்து கொப்பியை எடுத்து வந்தான். கறுப்பு மை மங்கியிருந்தது. சிவப்பு மை மங்கவில்லை.

அக்கொப்பியைப் பாரதெக்கக் காப்பகத்துக்கு அளித்தால் என்ன என்று கேட்டேன். “குடுத்துட்டா அடுத்த மாசிக்கு எத வெச்சு சேர் பாடுறது?” என்றான். அக்கேள்விக்கு விடை கூற என்னால் இயலவில்லை. நூதனசாலை வேண்டியதே. ஆயினும் இன்னும் பாடப்படும் ஒன்றை நூதனசாலைப் பொருளாக எண்ணிய என் அவசரம், திருத்தத் துணிந்த பழைய அவசரத்தின் தம்பியே போலும். முடிவில், ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டேன். கொப்பி மீண்டும் துணிக்குள் சென்றது. காப்பகத்துக்குப் படம், பொட்டலுக்குக் கொப்பி என்பது எங்கள் உடன்படிக்கை.

யான் அடித்த அடிகளிற் சில, கோட்டின் கீழ் இன்னும் தெரிகின்றன. குறவன் குறத்தி ஏச்சில் பாதிக்குமேல் தெரியவில்லை. அத்துணை அழுத்தமாக அடித்திருக்கிறேன். தலைமன்னார் பற்றிய பகுதியில் இரண்டு வரி முற்றும் மறைந்துவிட்டன. அத்தோட்டத்து மூதாட்டி ஒருவர், தமக்கு அது நினைவிருப்பதாகக் கூறி, என்னைத் தம் காம்பராவின் இஸ்தோப்பில் அமர்த்திப் பாடினார். அவருடைய தமையன் அக்கரைக்குப் போனவராம். முதல் வரி வந்தது. இரண்டாம் வரி வரவில்லை. மூன்று முறை முயன்று, “தொண்டையில இருக்கு ஐயா, வாயிக்கு வரமாட்டேங்குது” என்றார். வந்ததை அவர் பாடியவாறே எழுதிக்கொண்டேன். இம்முறை பென்சிலால்.

ஆசிரிய நண்பர்களுக்கு

தமிழ் கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒன்று கூற எனக்கு உரிமையுண்டெனின், அது இப்பிழை தந்த உரிமையே. இலக்கணத்தைக் கைவிடுக என்று கூறேன். பரீட்சைத் தாளில் ‘வெச்சு’ என்று எழுதும் மாணாக்கனை இன்றும் திருத்துகிறேன்; நாளையும் திருத்துவேன். உலகத்தாரோடு நிமிர்ந்து நின்று பேச அவனுக்கு அத்தமிழ் வேண்டும். ஆனால் அவன் பாட்டன் எழுதிய கொப்பி பரீட்சைத் தாளன்று. அதனைக் காணும்போது நாம் ஆசிரியரல்லர், மாணாக்கர்.

விடுமுறை நாட்களில் மாணாக்கரை அவரவர் லயத்துக்கே அனுப்புங்கள். கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்தோர் எத்தனை பேர், கூத்துக் கொப்பி வைத்திருப்போர் எத்தனை பேர், தப்படியின் பெயர்களை அறிந்தோர் எத்தனை பேர் என்று கேட்டுவரச் செய்யுங்கள். கேட்டதைக் கேட்டவாறே எழுதச் சொல்லுங்கள். ‘இது புராணத்தில் இல்லையே’ என்று ஒரு மாணாக்கன் கூறுமிடத்தில் அடிக்கோடிடச் சொல்லுங்கள். அங்கேதான் நம் வரலாறு இருக்கும். குறவனும் குறத்தியும் ஏசிக்கொள்வதையும் நாணாது எழுதச் சொல்லுங்கள். சிரிப்பதற்கு வழியற்ற வாழ்வில் நம் முன்னோர் தேடிக்கொண்ட சிரிப்பு அது.

இக்கட்டுரை முழுவதும் ‘ரதி’ என்றே எழுதியிருப்பதைக் கண்டு பண்டித நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அச்சுக் கோப்போர் பிழையன்று அது, அறிந்தே எழுதியது. நன்னூலார் பெரியவர், பொறுத்தருள்வார். வெற்றிலை பாக்குடன் வந்து என்னைக் கும்பிட்டுச் சென்றாரே, அந்தப் பெரியவர் பொறுப்பாரோ, அறியேன்.